ஒற்றை ஆள் வரிசை

சேசு மரி சூசை துணை

பூனா,
20-8-1961

அன்புள்ள வேதநாயகிக்கு லூர்துசாமி எழுதிக்கொண்டது. சர்வேசுரன் புண்ணியத்தில் நான் சுகம். நீயும் பிள்ளைகளும் பாளையங்கோட்டைக்கு நல்லபடியாக வந்து சேர்ந்ததாக உன் அண்ணன் போட்ட கார்டு கிடைத்தது. மிக்கேலுக்குக் காய்ச்சல் விட்டதா இல்லையா என்பதை மட்டும் அவர் எழுதவில்லை. நீ உடனே எழுது.

நிற்க. வெள்ளம் வடிந்து ஐந்து வாரம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நம் சந்துக்குப் போய்ப் பார்த்தேன். வீட்டில் வாசல் நிலை மட்டும் நிற்கிறது. சுவர் இல்லை, கூரை இல்லை. அந்த நிலை வழியாகத்தான் உள்ளே போக வேண்டும் என்பது போல நானும் குனிந்து நுழைந்துவிட்டு வந்தேன். உள்ளே போய்ச் சேற்றைப் பார்த்தேன். அழுகை வந்தது. பக்கத்தில் யாரும் இல்லாததால் அழுதேன்.

பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த எங்களையெல்லாம் கிளப்பி, விஷ்ராந்த்வாடி தாண்டி கோர்வாடி என்ற ஊரின் ஓரத்தில் தகரக் குடிசைகளில் விட்டிருக்கிறார்கள். பீப்பாயைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தது போல இருக்கும். குடும்பஸ்தர்களுக்கு ஒரு வரிசை, ஒற்றை ஆட்களுக்கு ஒரு வரிசை. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று உங்களை ஊருக்கு அனுப்பிவிட்டேன் அல்லவா, அதனால் என்னை ஒற்றை ஆள் என்று எழுதி, ஆறு பேர் படுக்கும் குடிசையில் தள்ளிவிட்டார்கள். பத்து வருஷம் சம்சாரம் பண்ணியவனை ஒரே கையெழுத்தில் பிரம்மச்சாரி ஆக்கிவிட்டான் குமாஸ்தா.

வாடகைக்கு அறை தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். வெள்ளத்துக்கு முன்னால் பதினெட்டு ரூபாய்க்குக் கிடைத்த அறைக்கு இப்போது நாற்பத்தைந்து. அது போகப் பகடி என்று முன்பணம் வேறு கேட்கிறார்கள், கொடுத்தால் திரும்பி வராது. கிர்க்கி தொழிற்சாலையில் எனக்கு என்ன சம்பளம் என்று உனக்குத் தெரியும். இரண்டு மாதம் பொறுத்துக்கொள். அதற்குள் எப்படியும் உங்களை அழைத்துக்கொள்வேன்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். அண்ணனுக்கும் மதினிக்கும் தோத்திரம் சொல்லவும்.

உன்
லூர்துசாமி


சே. ம. சூ.

பாளையங்கோட்டை,
2-9-1961

அன்பும் மரியாதையும் உள்ள அத்தானுக்கு வேதநாயகி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். மிக்கேலுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, இப்போது பசிதான் விட மாட்டேன் என்கிறது. ரோசம்மாளை மடத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பில் சேர்த்தாயிற்று. தமிழ் வாசிக்கத் திணறுகிறாள். "அங்க மராத்தி, இங்க தமிழு, நான் எதைத்தான் படிக்க?" என்று சிஸ்டரிடமே கேட்டாளாம்.

ஆறு ஆம்பிளைகள் ஒரே குடிசையில் என்றால் யார் சமைக்கிறார்கள்? நீங்கள் சமைக்கிற நாளில் மற்ற ஐந்து பேரும் விரதம் இருப்பார்களே. வேளைக்குச் சாப்பிடுங்கள். இருமல் வந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

அண்ணன் நன்றாகத்தான் வைத்திருக்கிறார். மதினியும் அப்படித்தான். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள், எனக்கு இது முப்பதாவது நாள். மதினி காலையில் பல் விளக்கும்போதே, "ஏட்டி வேதா, ஒன் வீட்டுக்காரவுக ரூமு பாத்துட்டாவளாமா?" என்று கேட்கிறாள். தப்பாகக் கேட்கவில்லை. தினமும் கேட்கிறாள், அவ்வளவுதான்.

அவளுக்குச் சொல்லப் பதில் வேண்டும், சீக்கிரம் எழுதுங்கள்.

தங்கள் அன்பு மனைவி
வேதநாயகி


சேசு மரி சூசை துணை

பூனா,
8-10-1961

அன்புள்ள வேதநாயகிக்கு, நான் சுகம். இருமல் இல்லை, ஆகையால் நீ எழுதிய கஷாயமும் தேவைப்படவில்லை. பிள்ளைகள் சுகத்தை எழுதவும்.

மதினியிடம் சொல்ல ஒரு பதில் கிடைத்திருக்கிறது. வெள்ளத்தில் வீடு போனவர்களுக்குச் சர்க்கார் நூற்றிருபது வீடு கட்டப் போகிறது! எங்கள் குடிசைகளுக்குப் பின்னால் இருக்கிற கோர்வாடி மேட்டில்தான். அளந்து கல் நட்டாயிற்று. ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, பின்பக்கம் குழாய். நம்மைப் போன்றவர்கள் கொடுக்கக்கூடிய வாடகை.

இனி கெட்ட சேதி. மேடு கோர்வாடி பஞ்சாயத்துக்குச் சொந்தம். அவர்கள் சம்மதம் இல்லாமல் ஒரு செங்கல்லும் வைக்க முடியாது. சம்மதம் தர முடியாது என்கிறார்கள். கிணற்றில் தண்ணீர் போதாதாம். மாடு மேய இடம் போய்விடுமாம். ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் இருக்காதாம். எங்களால் காலரா வருமாம். இதற்கெல்லாம் முன்னால் நிற்கிறவர் தோண்டிபா என்ற பஞ்சாயத்து மெம்பர். அவருக்கு ஊருக்குள் முப்பது அறை வாடகைக்கு ஓடுகிறது. மேட்டில் நூற்றிருபது வீடு வந்துவிட்டால் அவருடைய அறைக்கு நாற்பத்தைந்து ரூபாய் எவன் கொடுப்பான்? மாட்டுக்குப் புல் இல்லையே என்று அவர் சாவடியில் அழுத அழுகையை அந்த மாடே நம்பாது.

இன்னொரு முட்டுக்கட்டையும் இருக்கிறது. வீடு குடும்பத்துக்கு மட்டும்தான். ஒற்றை ஆளுக்குக் கிடையாது. ஒரு நாள் கணக்கெடுக்க வருவார்களாம், அன்றைக்கு மனைவி மக்களோடு குடிசை வாசலில் நிற்க வேண்டுமாம். வீடு இல்லை என்று குடும்பத்தை அனுப்பினேன். இப்போது குடும்பம் இல்லை என்பதால் வீடு இல்லை என்கிறார்கள். யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

பக்கத்து வரிசையில் ஜம்புநாதன் என்று திருச்சிக்காரர் ஒருவர் இருக்கிறார், ரயில்வே பட்டறையில் வேலை. மனைவி சரசா, நம் பிள்ளைகள் வயதில் ஒரு பெண், ஒரு பையன். ஞாயிறு தோறும் எனக்கு ஒரு வாய் ரசம் சோறு அவர்கள் வீட்டில்தான். தமிழ் கேட்கவே போகிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன், உண்மையில் ரசத்துக்குத்தான்.

ஜெபத்தில் என்னை மறக்காதே.

உன்
லூர்துசாமி


சே. ம. சூ.

பாளையங்கோட்டை,
19-10-1961

அன்புள்ள அத்தானுக்கு, நாங்கள் சுகம். தாங்களும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

கணக்கெடுக்கும் தேதி தெரிந்த நிமிஷமே தந்தி அடியுங்கள். மூன்று நாள் பயணம், அதனால் ஆறு நாளாவது முன்னால் தெரிய வேண்டும். இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நிற்கிறேன். எண்ணி முடித்ததும் மறுநாளே திரும்பிப் போ என்றாலும் போகிறேன். எண்ணுகிறவர் சந்தேகப்பட்டால் மிக்கேலைக் காட்டுங்கள், உங்கள் மூக்கை அப்படியே வைத்திருக்கிறான், வேறு சாட்சி வேண்டாம்.

டிரங்குப் பெட்டியில் துணிகளை அடுக்கி வைத்துவிட்டேன். மதினி பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவள் ஒன்றும் கேட்காத நாள் அது.

ரசம் எனக்கும் வைக்கத் தெரியும் என்பதை ஞாபகப்படுத்துகிறேன்.

தங்கள் அன்பு மனைவி
வேதநாயகி


சேசு மரி சூசை துணை

பூனா,
23-11-1961

அன்புள்ள வேதநாயகிக்கு, நான் சுகம், நீங்கள் மூவரும் சுகமா?

கணக்கெடுப்பு முந்தா நாள் முடிந்துவிட்டது. உனக்குத் தந்தி அடிக்க நேரமே கொடுக்கவில்லை. முன்கூட்டிச் சொன்னால் ஊரிலிருந்து ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள் என்று தோண்டிபாதான் அதிகாரிகளிடம் சொல்லியிருக்கிறார். திங்கள் சாயங்காலம் தமுக்கு அடித்தார்கள், செவ்வாய் காலை எண்ண வந்துவிட்டார்கள்.

கவலைப்படாதே. நம் பெயர் ஏறிவிட்டது. லூர்துசாமி, மனைவி வேதநாயகி, பெண் ஒன்று, பையன் ஒன்று. என் கண்ணாலேயே பார்த்தேன். எப்படி என்று கேட்காதே. நல்ல மனுஷர்கள் உலகத்தில் இன்னும் இருக்கிறார்கள். மற்றதை நேரில் சொல்கிறேன்.

இன்றைக்கு இவ்வளவுதான். ஷிப்டுக்கு நேரமாகிறது.

உன்
லூர்துசாமி


சே. ம. சூ.

பாளையங்கோட்டை,
4-12-1961

அன்புள்ள அத்தானுக்கு, எல்லாரும் சுகம். தங்கள் சுகத்துக்கு எழுதவும். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், கம்பளியை மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு நடுங்காதீர்கள்.

கடிதத்தை நாலு தடவை வாசித்தேன். ரோசம்மாள் ஒரு தடவை எழுத்துக்கூட்டி வாசித்தாள். எப்படி என்று கேட்காதே என்றீர்கள், கேட்கவில்லை. இல்லாத என்னையும் பிள்ளைகளையும் எண்ணிக்கொண்டு போன அந்தக் குமாஸ்தாவுக்குக் கண் நன்றாகத் தெரிகிறதா என்று மட்டும் கேட்கிறேன்.

ஒரு விஷயம். இனிமேல் கடிதத்தை அண்ணன் வீட்டு விலாசத்துக்கு எழுத வேண்டாம். மடத்து விலாசத்துக்கே எழுதுங்கள். பகலில் சிஸ்டர்மாருக்கு அடுக்களையில் கூடமாட உதவி செய்கிறேன். தபால்காரரும் அங்கே சீக்கிரம் வருகிறார்.

வீட்டுக்கு எப்போது கடைக்கால் போடுவார்கள்? தேதி தெரிந்தால் நல்லது. ரொம்ப நல்லது.

தங்கள்
வேதநாயகி


சேசு மரி சூசை துணை

பூனா,
28-12-1961

அன்புள்ள வேதநாயகிக்கு, உனக்கும் பிள்ளைகளுக்கும் பாலன் பிறந்த திருநாள் வாழ்த்து. நான் சுகம். கிர்க்கி கோவிலில் நடுச்சாமப் பூசைக்குப் போனேன். சத்திரத்தில் இடம் கிடைக்காத கதையைச் சாமியார் பிரசங்கத்தில் சொன்னபோது எங்கள் குடிசைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். தப்புத்தான்.

ஜனவரி 21 ஞாயிறு, சாவடியில் பஞ்சாயத்துக் கூட்டம். அன்றைக்கு ஆம் இல்லை தெரிந்துவிடும். அதிகாரிகள் நெருக்குவதால் இனி பஞ்சாயத்தார் மறுக்க ஒரு காரணமும் இல்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். நேற்று மேட்டுக்குப் போய், கல் நட்ட இடத்தில் நின்று பார்த்தேன். இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல்லுக்கு ஏழு அடி எடுத்து வைத்தேன். சின்ன அறைதான். நாம் என்ன பெரிய ஆட்களா?

இந்த மாதம் தூக்கம் சரியில்லை. வேறொன்றுமில்லை, குளிர்.

உன்
லூர்துசாமி


பாளையங்கோட்டை,
24-1-1962

அத்தானுக்கு,

சுகம். அதை எழுதாமல் கடிதம் தொடங்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

உங்கள் தொழிற்சாலையில் பிட்டராக இருக்கிற சுப்ரமணியன் பொங்கல் லீவில் இங்கே வந்திருக்கிறார். கடைத்தெருவில் அண்ணனைப் பார்த்து, "லூர்து அண்ணாச்சி குடும்பத்தைக் கூட்டிட்டு வந்துட்டாவல்லா? ரெண்டு பிள்ளையளும் அந்த அம்மாவும் குடிசை வாசல்ல நின்னதை நானே பாத்தேன்" என்றாராம். அண்ணன் அங்கிருந்து நேரே மடத்து அடுக்களை வாசலுக்கு வந்தார். நான் இட்டிலிக்கு ஆட்டிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்தார், கையில் மாவைப் பார்த்தார். "நீ இங்க இருக்கே. அங்க நிக்கது யாரு?" என்று கேட்டார். சிஸ்டர்மார் ஐந்து பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நீங்கள் சொல்லுங்கள். அந்த அம்மா யார்?

எப்படி என்று கேட்காதே என்று அன்றைக்கு எழுதினீர்கள். இன்றைக்குக் கேட்கிறேன். ரசம் ஊற்றியவளா?

வேதநாயகி


பாளையங்கோட்டை,
20-2-1962

அத்தானுக்கு, மூவரும் சுகம். நான்கு வாரமாகத் தபால்காரர் என்னைப் பார்த்ததுமே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். கோபமாக இருந்தால் கோபத்தையாவது எழுதுங்கள். உடம்புக்கு ஏதாவது என்றால் குடிசையில் இருக்கிற வேறு ஆளை விட்டு எழுதச் சொல்லுங்கள். மிக்கேல் உங்கள் முகம் மறந்துவிட்டது என்று சொன்னான். அவனை அடித்துவிட்டேன்.

வேதநாயகி


சேசு மரி சூசை துணை

பூனா,
5-3-1962

வேதநாயகிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒன்றும் இல்லாமல் இருப்பதற்கே வெட்கமாக இருக்கிறது. ஆறு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்காமல் தபால்பெட்டியில் போட வேண்டும் என்று ஷிப்டு முடிந்ததும் தபாலாபீசுக்கே வந்து, அங்கே உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்த அம்மா சரசாதான். ஜம்புநாதன் மனைவி. நீ நினைப்பது இல்லை. சிலுவை மேல் ஆணை. நீ நினைத்ததை விட மோசமா இல்லையா, நீயே சொல்.

தமுக்கு அடித்த அன்று சாயங்காலம் எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. உனக்குத் தந்தி போய், நீ மூன்று நாள் பயணம் பண்ணி வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். குடும்ப வரிசையைக் காலையில் எண்ணுவது, எங்கள் வரிசையை மத்தியானம் எண்ணுவது, வேறு வேறு குமாஸ்தா என்று கேள்விப்பட்டேன். நேரே ஜம்புநாதன் குடிசைக்குப் போய் அவர் காலில் விழுந்தேன். நாளை மத்தியானம் ஒரு மணி நேரம், உங்கள் மனைவியும் பிள்ளைகளும் என் குடிசை வாசலில் நின்றால் போதும் என்றேன். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். "மாட்டினா ஒன்னோட போகாதுப்பா லூர்து" என்றார். சரசாதான், "பாவம், ரெண்டு கொழந்தைங்க அங்க கெடக்குதுங்களே" என்று சம்மதிக்க வைத்தாள்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் அவள் சம்மதிக்கவில்லை. கிறிஸ்தவக் குடும்பம் என்று எழுதப் போகிறார்களே, எங்கள் பக்கத்துப் பெண்கள் பொட்டு வைப்பதில்லையே, பொட்டை அழித்துவிட்டு வா தாயி என்றேன். "அண்ணா, அதை மட்டும் கேக்காதீங்க. அவர் எதிர்ல நிக்கிறாரு. அவர் உசுரோட இருக்கும்போது நான் அழிக்க மாட்டேன்" என்றாள். இந்த ஊர்ப் பெண்களைப் போல முந்தானையைத் தலையில் போட்டு நெற்றி வரை இழுத்துக்கொண்டாள். குமாஸ்தா புருஷன் பெயர் கேட்டபோது வாய் திறக்கவில்லை. எந்தப் பெண் சொல்வாள் என்று அவனும் என்னையே கேட்டு எழுதிக்கொண்டான். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

தோண்டிபா காலையிலிருந்து வேப்பமரத்தடியில் வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். காற்றில் முந்தானை விலகியிருக்கிறது. அவர் பார்த்திருக்கிறார். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மாதம் மனதுக்குள் வைத்திருந்தார், வேதா. இரண்டு மாதம்.

ஜனவரி 21 அன்று சாவடி நிறையக் கூட்டம். அதிகாரிகளும் வந்திருந்தார்கள். தோண்டிபா எழுந்து, இரண்டு வரிசைப் பட்டியலையும் கையில் வைத்துக்கொண்டு, "கிறிஸ்தவர் லூர்துசாமியின் மனைவி குங்குமம் வைத்துக்கொண்டு நின்றாள். அவளைக் கூப்பிடுங்கள்" என்றார். சரசாவைப் பிள்ளைகளோடு நடுவில் நிறுத்தினார்கள். உன் புருஷன் யார், காட்டு என்றார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய சின்னவன், மிக்கேல் வயதுதான், ஓடிப் போய் ஜம்புநாதன் காலைக் கட்டிக்கொண்டான். கூட்டம் சிரித்தது.

நான் எழுந்தேன். குற்றம் என்னுடையது, இந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது, என் பெயரை மட்டும் அடித்துவிட்டு மற்றவர்களுக்கு வீடு கொடுங்கள் என்று தெரிந்த இந்தியில் கதறினேன். தோண்டிபா கையைத் தட்டினார். ஒருவன் பொய் என்றால் அத்தனை பேரும் பொய், பட்டியலே பொய் என்றார். அத்தனை பஞ்சாயத்தாரும் கை தூக்கிவிட்டார்கள். சம்மதம் இல்லை என்று தீர்மானம். அதிகாரிகள் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்கள். மேட்டில் நட்ட கல்லையும் போன வாரம் பிடுங்கிவிட்டார்கள்.

மறுக்கக் காரணம் இல்லாமல்தான் பஞ்சாயத்தார் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். நான் கொண்டுபோய்க் கையில் கொடுத்துவிட்டேன். நூற்றிருபது குடும்பம், வேதா. ஒருவரும் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பேன். ஜம்புநாதன் என்னோடு பேசுவதில்லை. குழாயடியில் பெண்கள் சரசாவை இரண்டு புருஷன்காரி என்கிறார்களாம். அவள் இப்போது இருட்டோடு போய்த் தண்ணீர் பிடிக்கிறாள்.

வீடு இல்லை. இனி வரப் போவதும் இல்லை. அறைக்கு இப்போது ஐம்பது கேட்கிறார்கள். நீ வராதே. உன் அண்ணன் வீட்டிலேயே இன்னும் ஒரு வருஷம் எப்படியாவது இரு. அங்கே உங்கள் தலைக்கு மேல் ஒரு கூரை இருக்கிறது என்ற ஒரே நினைப்பில்தான் நான் சோறு தின்கிறேன்.

என்னை மன்னிக்க முடிந்தால் மன்னித்துவிடு.

லூர்துசாமி


சே. ம. சூ.

பாளையங்கோட்டை,
14-3-1962

அன்புள்ள அத்தானுக்கு வேதநாயகி எழுதுவது. நானும் பிள்ளைகளும் சுகம். நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று தெரிந்ததே போதும் என்று அன்றைக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். பிறகு கடிதத்தை முழுவதும் வாசித்தேன்.

சரசா மேல் எனக்குக் கோபமே இல்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. பொய் எழுத மாட்டேன். ஒரு மாதம் தினமும் அவளைச் சபித்தேன். முகம் தெரியாதவளைச் சபிப்பது சுலபம். இப்போது அவள் இருட்டில் குடத்தோடு போவதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்களுக்காக நான் நிற்க வேண்டிய இடத்தில் நின்றாள். அதற்காக அவள் பெயர் கெட்டுப்போயிற்று.

நூற்றிருபது வீட்டையும் நீங்கள் ஒருவரே இடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். கொடுக்க மனமில்லாதவன் காரணம் தேடிக்கொண்டுதான் இருப்பான். நீங்கள் இல்லையென்றால் வேறு எவனாவது மாட்டியிருப்பான். ஆனால் மாட்டியது நீங்கள்தான். அதை நான் இல்லை என்று சொல்லி உங்களைத் தேற்ற மாட்டேன்.

எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை அத்தான். நீங்கள் எனக்குச் சொல்லவில்லை என்பதால் இல்லை. நானும் சொல்லவில்லை என்பதால்.

அண்ணன் வீட்டில் கூரை இருக்கிறது என்ற நினைப்பில் சோறு தின்கிறேன் என்கிறீர்கள். நாங்கள் அண்ணன் வீட்டில் இல்லை. நவம்பர் கடைசியிலிருந்து இல்லை. உங்கள் கடிதம் வந்து, நம் பெயர் ஏறிவிட்டது என்று தெரிந்த அதே வாரம் வெளியே வந்துவிட்டேன். அவர்களுக்கு இரண்டு அறை, மூன்று பிள்ளைகள். மதினி ஒரு மத்தியானம் சோற்றுப் பானையைத் திறந்து என்னிடம் காட்டி, "நீயே சொல்லு வேதா, இதை நான் எப்படி பங்கு வைக்க?" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லிவிட்டு இருந்திருப்பேன். அவள் அழுதுகொண்டே சொன்னாள். வீடு வரப் போகிறதே, இன்னும் கொஞ்ச நாள்தானே என்று சிஸ்டர்மாரிடம் போய் நின்றேன். நெல் மூட்டை அடுக்குகிற அறையில் படுக்க இடம் கொடுத்தார்கள். ரோசம்மாளும் மிக்கேலும் மூட்டை மேல் படுக்கிறார்கள், நான் கீழே. அடுக்களை வேலைக்குச் சோறு. நான்கு மாதம் ஆகப் போகிறது.

உங்களுக்கு எழுதினால் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவீர்கள், வீடு கைக்கு வரும் சமயத்தில் கெடுத்துவிடக் கூடாது என்று மறைத்தேன். போன வெள்ளிக்கிழமை மதர் கூப்பிட்டு, ஈஸ்டருக்குள் அறையைக் காலி பண்ண வேண்டும், புது நெல் வருகிறது என்றார்கள். அவர்கள் மேலும் குற்றமில்லை. நெல்லுக்குக் கட்டின அறைதான் அது.

வராதே, இங்கே வீடு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கேயும் இல்லை அத்தான்.

அதனால் வருகிறோம். வருகிற திங்கள் சூசையப்பர் திருநாள், பூசை பார்த்துவிட்டு ரயில் ஏறுகிறோம். மறுநாள் எழும்பூரில் இறங்கி, சென்ட்ரலில் பம்பாய் மெயிலைப் பிடித்து, வியாழக்கிழமை காலை பூனா வந்துவிடுவோம். சுப்ரமணியன் லீவு நீட்டி, அதே வண்டியில்தான் திரும்புகிறார், துணைக்கு இருப்பார். வேண்டாம் என்று தந்தி அடிக்காதீர்கள். அதை வாங்க நான் இங்கே இருக்க மாட்டேன்.

அன்றைக்கு லீவு போட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு வாருங்கள். அங்கிருந்து எங்கே போவது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது என்பது தெரியும். பிள்ளைகள் முன்னால் மட்டும் தெரிந்த மாதிரி டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடங்கள். நாங்கள் பின்னால் வருகிறோம்.

தங்கள்
வேதநாயகி